ஐந்து தட்டு ஃபாரின் பழம்

"ஸ்டிக்கரு எங்க?"

காலை ஆறரை மணிக்கு மதினி கேட்ட இந்தக் கேள்வியில், கையில் இருந்த காபியைக் குடிக்கவும் முடியாமல் கீழே வைக்கவும் முடியாமல் நான் அடுக்களை வாசலில் நின்றுவிட்டேன்.

மதினி என்றால் என் அண்ணன் மனைவி சொர்ணம். பாளையங்கோட்டையில் அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை மேல் ஐந்து தாம்பாளங்கள் இருந்தன. சிவப்பு ஆப்பிள் ஒன்றில், பச்சை ஆப்பிள் ஒன்றில், பேரிக்காய், ஆரஞ்சு, கிவி என்று ஆளுக்கு ஒரு தட்டு. அத்தனையும் கழுவித் துடைத்துப் பளபளவென்று இருந்தன. ஒன்றில்கூட ஸ்டிக்கர் இல்லை.

அன்றைக்குத்தான் அண்ணன் மகன் குமாருக்குக் கல்லிடைக்குறிச்சியில் நிச்சயதாம்பூலம். கல்யாணமாகிப் பத்து வருஷம் கோயில் கோயிலாக நடந்து பெற்ற ஒரே பிள்ளை. பெண் வீட்டுக்குப் பதினோரு தட்டு கொண்டு போகவேண்டும், அதில் ஐந்து வெளிநாட்டுப் பழத்தட்டு என்பது மதினி ஒரு மாதமாகப் போட்டு வைத்திருந்த திட்டம். எட்டரைக்கு வேன். பத்தரைக்கு நல்ல நேரம்.

"யாரு பார்த்த வேலை இது?" என்றாள் மதினி.

ஸ்டிக்கரை உரித்தவள் நான்.

கழுவும் வியாதி

இந்தத் தொடரை முதலில் இருந்து படிப்பவர்களுக்கு என் கழுவும் வியாதி தெரியும். அந்தத் தொற்றுநோய்க் காலத்தில் ஊரே பிடித்துக்கொண்டு பிறகு ஊரே விட்டுவிட்ட பழக்கத்தை நான் மட்டும் விடவில்லை. கடையில் இருந்து எது வந்தாலும் உப்புத் தண்ணீரில் போட்டு எடுக்காமல் என் கை சும்மா இருக்காது. தேங்காயைக் கழுவி வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். ஒருமுறை பிஸ்கட் பாக்கெட்டையும் கழுவினேன்.

முந்தைய நாள் சாயங்காலம் எல்லோரும் பூ வாங்கப் போயிருந்தபோது, தனியாக இருந்த பழங்களைப் பார்த்தேன். எத்தனை கப்பல், எத்தனை லாரி, எத்தனை கை மாறி வந்த பழம். ஒரு வாளித் தண்ணீரும் ஒரு கை உப்புமாக உட்கார்ந்து, நகத்தால் ஒவ்வொரு ஸ்டிக்கராகச் சுரண்டி எடுத்துப் போட்டேன். பெரிய உதவி செய்த திருப்தியோடு தூங்கினேன். ஸ்டிக்கர்கள் வெண்டைக்காய்க் காம்போடு குப்பையில் போய், காலை ஆறு மணிக்கே மாநகராட்சி வண்டியில் ஏறிவிட்டன.

ஸ்டிக்கரில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் சமீபத்தில் எங்கள் பக்கம் ஒரு நிச்சயத்துக்கும் போகாதவர்கள். இப்போதெல்லாம் பழத்தட்டைக் கண்ணாடித் தாள் சுற்றி ரிப்பன் கட்டுவதற்கு முன்னால், ஒவ்வொரு பழத்தையும் திருப்பி ஸ்டிக்கர் வெளியே தெரியும்படி அடுக்குவார்கள். பெண் வீட்டுப் பெண்கள் தட்டைச் சுற்றி வந்து குனிந்து பார்ப்பார்கள். ஸ்டிக்கர் இருந்தால் கப்பலில் வந்தது. இல்லாவிட்டால் மார்க்கெட்டில் கூறு போட்டு வாங்கியது.

"யாருன்னு கேக்கேன்ல?"

அப்போது என் அண்ணன் உள்ளே வந்தான். தோளில் துண்டு, முகத்தில் பாதி சவரம். மின்சார வாரியத்தில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்தவன்; எந்த அதிர்ச்சியையும் சத்தமில்லாமல் தாங்குவான். மேசையைப் பார்த்தான், மதினியைப் பார்த்தான், கடைசியாக என்னைப் பார்த்தான்.

"நாந்தான்," என்றான். "அழுக்கா இருந்துச்சு."

அதற்குப் பிறகு பத்து நிமிஷம் அவன் வாங்கிய பேச்சை நான் எழுதப்போவதில்லை. அவன் அப்பா, அதாவது என் அப்பா, வரை போனது. நான் வாயைத் திறக்கவில்லை. சின்ன வயதில் மாவு டப்பாவை நான் உடைத்தபோதும் இப்படித்தான் ஒப்புக்கொண்டு அடி வாங்கினான். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் திறக்கவில்லை.

"நான் மைதீன் கடைக்குப் போய்ப் பார்த்துட்டு வாரேன் மதினி," என்று ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு நழுவினேன்.

பத்து மார்க் கேள்வி

ஸ்கூட்டர் மார்க்கெட் போய்ச் சேர்வதற்குள் மைதீனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மைதீன் என் மாணவன்.

மேல்நிலைப் பள்ளியில் முப்பது வருஷம் பொருளாதாரம் நடத்தினேன். 'ஒரு நாட்டின் இறக்குமதித் தேவையை நிர்ணயிக்கும் காரணிகளை விவரி' என்பது நிச்சயமாக வரும் பத்து மார்க் கேள்வி. மக்களின் வருமானம், உள்நாட்டு விலைக்கும் வெளிநாட்டு விலைக்கும் உள்ள வித்தியாசம், நாணய மாற்று வீதம், சுங்க வரி, உள்நாட்டு உற்பத்தி, நுகர்வோர் ரசனை. ஆறு தலைப்பு, தலைப்புக்கு நாலு வரி, கடைசியில் ஒரு முடிவுரை. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரிசை மாறாமல் சொல்வேன். இதில் ஒன்றையாவது கண்ணால் பார்த்திருக்கிறேனா என்று யாரும் கேட்டதில்லை, நானும் கேட்டுக்கொண்டதில்லை.

காலாண்டுத் தேர்வில் மைதீன் இந்தக் கேள்விக்கு ஒரே ஒரு வரி எழுதியிருந்தான்: 'பக்கத்து வீட்டுல இருக்குது, நம்ம வீட்டுல இல்ல.'

பூஜ்யம் போட்டேன். அதோடு விட்டிருக்கலாம். வகுப்பில் எல்லாருக்கும் முன்னால் வாசித்துக் காட்டினேன். வகுப்பே சிரித்தது. அவனும் சேர்ந்து சிரித்தான். சிரித்துக்கொண்டே உட்கார்ந்தவன் பிளஸ் டூவோடு படிப்பை நிறுத்திவிட்டு அவன் வாப்பாவின் பழக்கடைக்குப் போய்விட்டான்.

வருமானம் கூடினால் இறக்குமதித் தேவை கூடும் என்பதற்கு வகுப்பில் நான் சொன்ன உதாரணம் வேறு யாருமில்லை, என் மதினிதான். பெயர் சொல்லமாட்டேன், 'எனக்குத் தெரிந்த ஒரு வீடு' என்பேன். அண்ணனுக்குச் சம்பளம் கூடக்கூட அந்த வீட்டுக்குள் வெளிநாடுகள் ஒவ்வொன்றாக வந்து இறங்கின. மேலப்பாளையத்தில் வளைகுடாவில் இருந்து வருகிறவர்கள் வீட்டுக்கெல்லாம் போய்ப் போர்வையும் சென்ட்டும் வாங்குவாள். மடக்கினால் கைக்குள் அடங்கும் குடை, மலேசியா பிஸ்கட் டின், எந்த நாட்டுக்காரன் செய்தானோ எழுத்தைப் படிக்கவே முடியாத ஒரு தலைவலித் தைலம். தைலம் தீர்ந்த பிறகும் பாட்டில் கண்ணாடி அலமாரியில் நிற்கும்.

'வருமான விளைவு' என்று கரும்பலகையில் எழுதி, அதற்குக் கீழே இரண்டு கோடு போடுவேன். மதினியைப் புரிந்துகொண்டதாக நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வருவேன்.

மைதீன் கடைத் தூண்

"வாங்க டீச்சர், நிச்சயத்துக்குப் பொறப்படலையா?" என்றான் மைதீன். இப்போது அவனுக்குத் தாடி நரைத்துவிட்டது.

விஷயத்தைச் சொன்னேன். அவனிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். சிரிக்கவில்லை. அதற்காகவே அவனுக்கு ஐந்து மார்க் போடலாம்.

"வேற பழம் குடு மைதீன். ஸ்டிக்கரோட."

"எங்கன இருந்து குடுப்பேன்? ஒங்களுக்குக் குடுத்ததே மதினி கேட்டாவளேன்னு மெட்ராஸ்ல சொல்லி வரவழைச்சது. இப்பக் காஷ்மீர் சீசன். நம்ம பழம் மலையா வந்து குமிஞ்சி கெடக்கு. டாலரும் ஏறிட்டு. இந்த நேரத்துல ஃபாரின் பழத்தை எடுத்து வச்சா நாந்தான் திங்கணும்."

உள்நாட்டு உற்பத்தி, நாணய மாற்று வீதம், என்று என் மனசு தானாகவே தலைப்புப் போட்டது. அப்போதுதான் அந்தத் தூணைப் பார்த்தேன்.

கடையின் நடுவில் ஓர் இரும்புத் தூண். மைதீன் பழம் விற்பதோடு ஜூஸும் போடுவான். ஜூஸுக்குப் பழம் நறுக்கும்போது ஸ்டிக்கரைக் கத்தி முனையால் எடுத்துத் தூணில் ஒட்டிவிட்டு நறுக்குவது அவன் கைப்பழக்கம். கடைக்கு வந்த நாளில் முழங்கால் உயரத்தில் தொடங்கியது, ஏறி ஏறி இப்போது அவன் தலைக்கு மேலே போயிருந்தது. எத்தனையோ தடவை அங்கே நின்று சாத்துக்குடி ஜூஸ் குடித்திருக்கிறேன். அலங்காரம் என்று நினைத்திருந்தேன்.

"கீழே இருந்து பாருங்க டீச்சர். இங்கன பூரா அமெரிக்கா. அப்ப ஃபாரின் ஆப்பிள்னா அது ஒண்ணுதான். இந்தா, இதுக்கு மேல சீனாக்காரன். வெல குறைச்சல். வாயில போட்டா சப்புன்னு இருக்கும், ஆனா தட்டுல வச்சா அம்சமா இருக்கும். பொறவு டெல்லியில தடை போட்டாவ, அவன் நின்னுட்டான். அமெரிக்காப் பழத்துக்கு வரியை ஏத்துனாவ. ஏத்துன ஒடனே பாருங்க, ஈரான், துருக்கி, போலந்து. போலந்து எங்க இருக்குன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. ஆனா அவன் பழம் நல்லாத் தாங்கும்."

"நடுவுல இங்க ஏன் காலியா இருக்கு?"

"அது சீசன் டீச்சர். அந்த மாசத்துக்கு எடம் விட்டுத்தான் மேல ஏறுவேன். வருஷத்துக்கு ஒருக்கா நம்ம பழம் எறங்கும்போது கப்பல் பழத்தை ஒருத்தனும் கேக்க மாட்டான். டாலர் ஏறுனாலும் இதே கதைதான்."

"இந்தக் கிவி ஏன் திடீர்னு இத்தனை?"

"அது காய்ச்சல். காய்ச்சல்காரனுக்குக் கிவி குடுத்தா ரத்தம் ஊறும்னு எவனோ சொல்லிட்டான். அதுவரைக்கும் இதைச் சப்போட்டான்னு நெனச்சுக் கேட்டவன்தான் எல்லாரும். பொறவு பெங்களூர்ல சம்பளம் வாங்குத பிள்ளையளு லீவுக்கு வந்து இதைத்தான் கேக்குது."

வருமானம், விலை, டாலர், வரி, விளைச்சல், ரசனை. ஆறு தலைப்பும் முழங்காலில் இருந்து தலை உயரம் வரைக்கும் வரிசையாக ஒட்டியிருந்தது. முப்பது வருஷம் நான் கரும்பலகையில் எழுதி அழித்ததை இவன் அழிக்காமல் வைத்திருந்தான். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

ஆனால் மணி ஏழே கால். பொறாமைப்பட நேரமில்லை.

"மைதீன், அந்தக் கத்தியைக் குடு."

"என்னத்துக்கு?"

"உரிக்கத்தான். அது ஃபாரின் பழம், இது ஃபாரின் ஸ்டிக்கர். திரும்ப ஒட்டுறதுல பொய் ஒண்ணும் இல்ல."

மைதீன் யோசித்தான். "பொய்னு சொல்லல டீச்சர். அடுத்தவன் பேப்பர்ல இருந்து பக்கத்தைக் கிழிச்சு நம்ம பேப்பர்ல கட்டுத மாதிரி இருக்கு. அவ்வளவுதான்."

கத்தியைக் கொடுத்தான். கீழே உள்ளவை தூணோடு தூணாகிவிட்டிருந்தன. மேலே உள்ள புதியவை மட்டும்தான் முழுசாக வந்தன. அதனால் முக்காலியைப் போட்டு ஏறி நின்று உரித்தேன். பட்டுச்சேலை, தலையில் மல்லிகைப்பூ, கையில் பழக்கத்தி. மார்க்கெட்டில் போகிறவர்களில் பாதிப்பேர் என்னிடம் படித்தவர்கள். "வணக்கம் டீச்சர்" என்று சொல்லிவிட்டு, என்ன ஏது என்று கேட்காமல் போனார்கள். ஆசிரியருக்கு அந்த மரியாதை இன்னும் இருக்கிறது.

முப்பத்தெட்டு தேறியது. அதில் பாதிக்கு மேல் கிவி.

சோற்றுப் பருக்கை

உரித்த ஸ்டிக்கரில் பசை இல்லை என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. பசை வாங்கிப் பழத்தில் தடவ முடியாது. நாளைக்கு யாராவது தின்னவேண்டும். அண்ணன் பேசாமல் அடுக்களைக்குள் போய், ராத்திரி மீந்த சோற்றில் ஒரு கரண்டி எடுத்து வாழை இலையில் பொதிந்து கொண்டுவந்தான். பள்ளிக்கூடத்தில் நோட்டு அட்டைக்கு நாங்கள் லேபிள் ஒட்டிய முறை.

வேனின் கடைசி சீட்டில் நாங்கள் இருவரும் மடியில் தாம்பாளத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். முன்னால் மதினி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு பருக்கையை நசுக்குவது, தடவுவது, ஒட்டுவது, ஊதுவது. சேரன்மகாதேவி வரைக்கும் வேலை ஒழுங்காக நடந்தது. சிவப்பு ஆப்பிளுக்குப் போலந்து, ஆரஞ்சுக்கு எகிப்து. அதற்குப் பிறகு ரோட்டில் ஏதோ தோண்டிப் போட்டிருந்தார்கள். வேன் குதித்த குதியில் ஸ்டிக்கர் எல்லாம் ஒன்றோடு ஒன்று கலந்தது.

"ஏட்டி, இது கிவின்னு போட்டிருக்கு. ஆப்பிள்ல ஒட்டுத," என்றான் அண்ணன்.

"அந்தப் பொடி எழுத்தை யாரு வாசிக்கப் போறா? ஒட்டு."

முப்பது வருஷம் பிள்ளைகளிடம் கேள்வியைச் சரியாக வாசி, சரியாக வாசி என்று உயிரை விட்டவள் சொன்ன சொல் இது. வீரவநல்லூர் தாண்டுவதற்குள் கண்ணாடித் தாளைச் சுற்றி ரிப்பன் கட்டிவிட்டோம். தூர நின்று பார்த்தால் ஐந்தும் கப்பலில் இருந்து அப்போதுதான் இறங்கியதுபோல இருந்தன.

மதினி ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். முகம் கொஞ்சம் இளகியது. "பரவால்ல," என்றாள்.

அண்ணாச்சியின் கட்டைவிரல்

பெண்ணின் அப்பா அருணாசலம் அண்ணாச்சி அப்பள வியாபாரி. இருபது பெண்கள் அவர் வீட்டுப் பின்கட்டில் அப்பளம் தேய்க்கிறார்கள். உளுந்தை உள்ளங்கையில் கொட்டிக் கட்டைவிரலால் ஒரு தேய் தேய்த்து, எந்த ஊர்ச் சரக்கு, எத்தனை நாள் சரக்கு என்று சொல்லிவிடுவார் என்று கேள்விப்பட்டிருந்தேன். கேள்விப்பட்டது அந்த நேரத்தில் எனக்கு ஞாபகம் வரவில்லை.

கூடத்தில் ஜமுக்காளம் விரித்து இரண்டு வீட்டாரும் எதிரெதிராக உட்கார்ந்தோம். பதினோரு தட்டும் நடுவில். பெண் வீட்டுப் பெண்கள் குனிந்து பார்த்து, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மதினி சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவள் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

தட்டு மாற்றுவதற்கு முன்னால் அவர்கள் வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. எங்களுக்கு அது தெரியாது. பெண்ணைப் பெற்றவர் மாப்பிள்ளை வீட்டுத் தட்டில் இருந்து ஒரு பழத்தை எடுத்துப் பெண்ணின் மடியில் போடவேண்டும்.

அண்ணாச்சி ரிப்பனை அவிழ்த்து ஒரு சிவப்பு ஆப்பிளை எடுத்தார். எடுத்தவர் கை சும்மா இருக்குமா? கட்டைவிரலால் ஒரு தேய் தேய்த்தார். ஸ்டிக்கர் விரலோடு வந்துவிட்டது.

விரலைக் கண்ணுக்கு நேரே பிடித்தார். சட்டைப்பையில் இருந்து மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டினார்.

"நியூசிலாந்து," என்று வாசித்தார். "கிவி."

பிறகு ஆப்பிளைப் பார்த்தார். மறுபடியும் விரலைப் பார்த்தார். "ஒரு சோத்துப் பருக்கையும் இருக்கு," என்றார் பைய.

மதினியின் முகம் வெளிறிப் போனது. அவளுக்குப் பக்கத்தில் இருந்த எனக்கு அவள் மூச்சு நின்ற சத்தம் கேட்டது. பெண் வீட்டுக் கூட்டத்தில் யாரோ ஒரு அம்மாள், "போலிச் சரக்கு போலுக்கே" என்று சொன்னது எல்லார் காதிலும் விழுந்தது. பெண் மீனா தலையைக் குனிந்துகொண்டாள். குமார் என்னைப் பார்த்தான். இந்தக் கல்யாணத்தின் கழுத்தில் நான் கத்தியை வைத்துவிட்டேன் என்று தோன்றியது.

அண்ணன் எழுந்தான். "அது வந்து அண்ணாச்சி, நாந்தான்..."

"இல்ல," என்றேன். என் குரலா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. "அவன் இல்ல. நான்."

எல்லாவற்றையும் சொன்னேன். வாளி, உப்புத் தண்ணீர், குப்பை வண்டி, தூண், முக்காலி, வாழை இலையில் பொதிந்த சோறு. வகுப்பு எடுக்கிற பழக்கத்தில் கைகளை ஆட்டிக்கொண்டு சொன்னேன் போலிருக்கிறது. "பழம் நெஜமாவே வெளிநாட்டுப் பழம்தான் அண்ணாச்சி. எங்க மதினி ஆசைப்பட்டு வரவழைச்சது. அவங்க மேல ஒரு தப்பும் கிடையாது. என் கை சும்மா இருக்காம கெடுத்தது," என்று முடித்தேன்.

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"டீச்சரம்மா, என் அப்பளப் பாக்கெட்டைப் பார்த்திருக்கியளா? கல்லிடைக்குறிச்சி அப்பளம்னு கொட்டை எழுத்துல போட்டிருப்பேன். உள்ள இருக்க உளுந்து பர்மா உளுந்து. நம்ம பக்கத்து உளுந்து மழை பெய்தா உண்டு, இல்லன்னா இல்ல. கப்பல்ல வந்து எறங்குனாத்தான் எனக்குப் பொழைப்பு. நான் வெளிநாட்டுச் சரக்குல உள்ளூர்ப் பேரை ஒட்டிக்கிட்டுத் திரியுதேன். நீங்க உள்ளூர்ச் சோத்தை வச்சு வெளிநாட்டுப் பேரை ஒட்டிக்கிட்டு வந்திருக்கிய." அண்ணனைப் பார்த்தார். "இதை விடப் பொருத்தமான சம்பந்தம் எனக்கு எங்கன கிடைக்கும் அண்ணாச்சி?"

முதலில் சிரித்தது மீனா. பிறகு கூடமே சிரித்தது. போலிச் சரக்கு என்று சொன்ன அந்த அம்மாளும் சிரித்தாள். அண்ணாச்சி ஆப்பிளை மகள் மடியில் போட்டார்.

"இது திங்கவா, சும்மா பார்க்கவா?" என்று கேட்டாள் மீனா. பதிலுக்குக் காத்திருக்காமல் ஒரு கடி கடித்தாள். என் வாழ்க்கையிலேயே பழம் கடிக்கிற சத்தம் அவ்வளவு இனிமையாகக் கேட்டதில்லை. கழுவிய பழம் வேறு.

திரும்பும் வழியில்

வேனில் மதினி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அண்ணன் முன்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தான்.

"காலையிலேயே எனக்குத் தெரியும்ட்டி," என்றாள். "ஒன் நகத்துக்குள்ள பச்சையா ஸ்டிக்கர் துண்டு இருந்துச்சு."

"பொறவு ஏன் அண்ணனை அந்தத் திட்டுத் திட்டினீங்க?"

"அவியளைத் திட்டினா ஒரு பதிலும் வராது. ஒன்னத் திட்டிட்டு யாரு ஒரு மணி நேரம் பாடம் கேக்கது?"

நியாயம்தான். பிறகு நான் முப்பது வருஷமாகக் கரும்பலகையில் விடை எழுதி வைத்திருந்த கேள்வியை முதல்முறையாக அவளிடமே கேட்டேன். "ஃபாரின் சாமான்னா ஏன் மதினி ஒங்களுக்கு இவ்வளவு?"

அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"என் நிச்சயத்துக்கு ஏரலுக்கு நீங்க எல்லாரும் வந்திய. எங்க அப்பா பதிலுக்கு வச்சது ஒரே ஒரு தட்டு. கோழிக்கூடு வாழைப்பழம், ஒரு சீப்பு. எங்க தோட்டத்துல அன்னைக்குக் காலையில வெட்டுனது. நீ காலேஜ்ல சேர்ந்த வருஷம். மஞ்சள் தாவணி கட்டியிருந்த. தட்டைப் பார்த்துட்டு எங்கிட்ட வந்து கேட்ட, 'ஒங்க ஊர்ல வாழையை விட்டா வேற ஒண்ணும் விளையாதா மதினி?' எங்க அப்பா பக்கத்துலதான் நின்னாவ."

எனக்குச் சுத்தமாக ஞாபகம் இல்லை. மஞ்சள் தாவணி மட்டும் ஞாபகம் இருந்தது. சிரிப்பதற்காகச் சொல்லியிருப்பேன். மைதீன் எழுதிய வரியை வாசித்துக் காட்டியதும் சிரிப்பதற்காகத்தான்.

அந்தக் குடை, போர்வை, பிஸ்கட் டின், காலித் தைலப் பாட்டில் எல்லாம் வரிசையாக என் கண் முன்னால் வந்தன. வருமான விளைவு என்று எழுதி இரண்டு கோடு போட்டேனே. அந்த வீட்டின் இறக்குமதித் தேவையை நிர்ணயித்த முதல் காரணி என் வாய். எந்தப் பாடப் புத்தகத்திலும் அது ஏழாவது தலைப்பாக இல்லை.

"மன்னிச்சிருங்க மதினி," என்றேன். அழுகை வந்துவிட்டது. அறுபது வயசுக்கு மேல் வேனில் அழுவது அவ்வளவு அழகாக இருக்காது.

"சரி, சரி. மூக்கைத் தொடச்சுக்கோ. பட்டுச்சேலை," என்றாள்.

அந்த வாரமே மைதீன் கடைக்குப் போனேன். தூணில் நான் உரித்த இடம் மொட்டையாக இருந்தது. ஜூஸ் குடித்துவிட்டு, "மைதீன், அந்தக் காலாண்டுப் பேப்பர்ல நீ எழுதினது சரிதான். பத்துக்குப் பத்து," என்றேன். வகுப்பில் வாசித்துக் காட்டியது தப்பு என்பதையும் சொன்னேன்.

அவன் ஆரஞ்சு பிழிந்துகொண்டே யோசித்தான். "பத்து வேண்டாம் டீச்சர். ஒன்பது போடுங்க. முடிவுரை எழுதல."

முதல் தட்டு

தை மாதத்தில் கல்யாணம். மாப்பிள்ளைக்கு அத்தை என்ற முறையில் வரிசைத் தட்டில் முதல் தட்டை எடுக்கும் உரிமை எனக்கு. இந்த முறை வெளிநாட்டுப் பழம் வேண்டாம் என்று மதினியே சொல்லியிருந்தாள். அண்ணாச்சி வீட்டுக்கு அது பழசாகிவிட்டது என்பது அவள் சொன்ன காரணம்.

முதல் தட்டில் என்ன வைப்பது என்று யாரிடமும் கேட்காமல், விடியற்காலையில் பஸ் ஏறி ஏரலுக்குப் போய், மதினியின் தம்பி தோட்டத்தில் வெட்டிய கோழிக்கூடு ஒரு சீப்பு வாங்கி வந்திருந்தேன். பெரிய தாம்பாளத்தின் நடுவில் அந்த ஒரே சீப்பு. கழுவவில்லை. கை துடித்தது, ஆனாலும் கழுவவில்லை.

மண்டப வாசலில் வரிசை புறப்படும் நேரம் மதினி வந்து தட்டைப் பார்த்தாள். நாதஸ்வரக்காரர் ஊதத் தயாராக நின்றார். இதுவும் தப்பாகிவிட்டதோ என்று தட்டைக் கொஞ்சம் என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

மதினி இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையை எடுத்துப் பிரித்தாள். உள்ளே இருந்து ஒரு சின்னக் கிவி ஸ்டிக்கரை எடுத்தாள். நியூசிலாந்து. நிச்சயத்தன்று அண்ணாச்சியின் விரலில் இருந்து எப்போது வாங்கினாளோ தெரியாது. நாக்கு நுனியில் தொட்டு ஈரமாக்கி, நடுவில் இருந்த வாழைப்பழத்தின் மேல் வைத்துக் கட்டைவிரலால் நன்றாக அழுத்தினாள்.

"பார்த்துக்கோட்டி," என்றாள். "எங்க ஊர்ல இப்பக் கிவியும் விளையுது."